மூச்சைத் திருப்பித் தராத மாத்திரையை அப்பா ஏன் சாப்பிட வேண்டும்?

தபேலா மேதை ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15-ம் தேதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 73. 'இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ்' என்ற நுரையீரல் நோயால் ஏற்பட்ட சிக்கல்களே காரணம் என்று குடும்பத்தினர் அறிவித்தார்கள். அன்று பலரும் அந்தப் பெயரை கூகுளில் தட்டிப் பார்த்தார்கள். சில வீடுகளில் மட்டும் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு பெங்களூருவில் ஐ.டி. வேலை. அப்பா, அம்மா திருச்சியில். ரிட்டயர்டு ஆன அப்பாவுக்கு இரண்டு வருஷமாக வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சிரைப்பு. பல டாக்டர்களைச் சுற்றிய பிறகு நோய் பிடிபட்டு, மாத்திரை எழுதித் தரப்படுகிறது. மாதம் பல ஆயிரம் ரூபாய். மகள் ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்புகிறாள். நான்காவது மாதம் ஊருக்குப் போனால், அலமாரியில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடக்கின்றன.

"என்னப்பா இது?"

"சாப்பிட்டா வயித்தால போகுதும்மா. கோயிலுக்குக்கூட போக முடியல. மூச்சும் முன்ன மாதிரியேதான் இருக்கு. எதுக்கு உன் காசை வீணாக்கணும்?"

அப்பா சொன்னதில் இரண்டு விஷயங்கள் உண்மை. வயிறு கெடுகிறது. மூச்சும் தேறவில்லை. 'வீண்' என்று அவர் போட்ட கணக்குதான் தப்பு. ஆனால் அந்தத் தப்புக்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த மாத்திரை எதற்கு, இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று யாரும் அவரிடம் உட்கார்ந்து பேசவில்லை. நுரையீரல் ஃபைப்ரோசிஸ் சிகிச்சையில் பெரும்பாலும் தவறிப்போகும் இடம் இதுதான். மருந்துச் சீட்டு எழுதும் இரண்டு நிமிடத்தோடு வேலை முடிவதில்லை. முதல் மாத்திரைக்கு முன்னால் நடக்கும் பேச்சும் சிகிச்சையின் ஒரு பகுதி.

நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

ஆரோக்கியமான நுரையீரல் ஸ்பாஞ்ச் மாதிரி. விரியும், சுருங்கும். அதிலுள்ள கோடிக்கணக்கான காற்றுப் பைகளின் சுவர்கள் மிக மெல்லியவை. அவற்றைத் தாண்டித்தான் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போகிறது. ஃபைப்ரோசிஸ் என்றால் அந்தச் சுவர்களில் தழும்பு விழுகிறது என்று பொருள். கையில் ஆழமாகக் காயம் பட்டால் தோல் தடித்து இறுகிப்போகிறதே, அதுபோல. ஸ்பாஞ்ச் விறைத்துப்போனால் காற்றும் குறைவாக உள்ளே வரும், ஆக்ஸிஜனும் சிரமப்பட்டுத்தான் ரத்தத்துக்குப் போகும்.

விடாத வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குவது, விரல் நுனிகள் உருண்டு வீங்குவது ஆகியவை அறிகுறிகள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகின் கீழ்ப்பகுதியில் வைத்தால், செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்கும். எச்.ஆர்.சி.டி. ஸ்கேனும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் நோயை உறுதிப்படுத்த உதவுகின்றன.

காரணம் தெரியாமல் வரும் வகைக்குத்தான் 'இடியோபதிக்' என்று பெயர். சுருக்கமாக ஐ.பி.எஃப். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. முடக்குவாதம், ஸ்கிளீரோடெர்மா போன்ற நோய்களாலும், புறா எச்சம், பூஞ்சை, தூசி போன்றவற்றைத் தொடர்ந்து சுவாசிப்பதாலும் தழும்பு விழலாம். 2012 முதல் 2015 வரை இந்தியாவின் 27 மருத்துவ மையங்களில் 1,084 நோயாளிகளை வைத்து நடந்த பதிவேட்டு ஆய்வில், இப்படிச் சுவாசித்த பொருட்களின் ஒவ்வாமையால் வந்த நுரையீரல் பாதிப்பே 47 சதவிகிதத்துடன் முதலிடத்தில் இருந்தது. ஐ.பி.எஃப். சுமார் 14 சதவிகிதம்.

இந்த வேறுபாடு முக்கியம். ஒவ்வாமையால் வந்ததென்றால் முதல் வேலை, பால்கனிப் புறாக்களையும் பூஞ்சை பிடித்த ஏர்கூலரையும் அப்புறப்படுத்துவது. அதைச் செய்யாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போல.

மருந்து என்ன செய்யும்?

பல ஆண்டுகளாக இந்த நோய்க்கு ஸ்டீராய்டையும் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துவந்தார்கள். வேறு வழி இல்லை, எதையாவது கொடுத்துப் பார்ப்போம் என்ற எண்ணம். அமெரிக்காவில் நடந்த 'பாந்தர்' ஆய்வு அதைச் சோதித்தது. பிரெட்னிசோன், அசத்தியோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்ட ஐ.பி.எஃப். நோயாளிகளிடம் இறப்பும் மருத்துவமனை அனுமதியும் கூடுதலாக இருந்ததால், 2011-ல் அந்தப் பிரிவு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வேறு வகை ஃபைப்ரோசிஸில் ஸ்டீராய்டுக்கு இன்னும் இடம் உண்டு. எனவே இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது.

2014-ல் நிலைமை மாறியது. பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளுக்கும் அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. இன்று இரண்டும் இந்தியாவில் கிடைக்கின்றன. இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் ஜெனரிக் மாத்திரைகளும் உண்டு.

இவை என்ன செய்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு. முழுதாக மூச்சை இழுத்து ஊதும்போது வெளியேறும் காற்றின் அளவை எஃப்.வி.சி. என்கிறார்கள். நின்டெடானிப் ஆய்வுகளில் ஒன்றில், டம்மி மாத்திரை சாப்பிட்டவர்கள் ஓர் ஆண்டில் சுமார் 240 மி.லி. இழந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்கள் இழந்தது சுமார் 115 மி.லி. அதாவது, இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பிர்ஃபெனிடோன் ஆய்விலும், நுரையீரல் திறனில் பெரிய சரிவையோ மரணத்தையோ சந்தித்தவர்களின் பங்கு ஓர் ஆண்டில் கிட்டத்தட்ட பாதியானது.

கவனியுங்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் 115 மி.லி. போயிருக்கிறது. விழுந்த தழும்பு மறையாது. இருமல் சட்டென்று நிற்காது. இது ஒரு பிரேக். வண்டி இறக்கத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும், வேகம் குறையும். பிரேக் பிடித்ததால் எவ்வளவு தூரம் மிச்சம் என்பது வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. 'மூச்சு முன்ன மாதிரியேதான் இருக்கு' என்று அப்பா புகாராகச் சொன்னாரே, இந்த நோயில் அது நல்ல செய்தி.

"இப்போ நல்லாத்தானே இருக்கார்?"

தள்ளிப்போட நினைக்கும் குடும்பங்கள் சொல்லும் வாக்கியம் இது. மோசமானால் பார்த்துக்கொள்ளலாம் என்பது சர்க்கரை, பிரஷருக்கே சரிப்படாத லாஜிக். இங்கே சுத்தமாகச் சரிப்படாது. ஏனென்றால் போன திறன் திரும்புவதில்லை. மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்துக் கணக்குப்படி, ஐ.பி.எஃப். கண்டறியப்பட்ட பிறகான ஆயுள் சராசரியாக 3 முதல் 5 ஆண்டுகள். சராசரி என்பது ஒரு தனி மனிதரின் ஜாதகம் ஆகாது. பல ஆண்டுகள் நிதானமாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள், சில மாதங்களில் சரிகிறவர்களும் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததுதான் சிக்கல். காக்க வேண்டியது அதிகம் இருக்கும்போதே காப்பதில்தான் அர்த்தம் இருக்கிறது.

மற்ற வகை ஃபைப்ரோசிஸில் வரிசை வேறு. காரணத்தை அகற்றி, அழற்சிக்குச் சிகிச்சை கொடுத்து, அதற்குப் பிறகும் தழும்பு பரவிக்கொண்டே போனால் நின்டெடானிப் தரலாம். அந்தப் பயன்பாட்டுக்கு 2020 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 85 வயது, வேறு நாலு நோய், உடம்பில் தெம்பில்லை என்ற நிலையில், 'எனக்கு இந்த மாத்திரை வேண்டாம், இருமலையும் மூச்சிரைப்பையும் கட்டுப்படுத்தினால் போதும்' என்று ஒருவர் தெரிந்து முடிவெடுத்தால் அது மதிக்கப்பட வேண்டிய முடிவு. தெரியாமல் நிறுத்துவதுதான் பிரச்னை.

வயிறு, வெயில், கல்லீரல்

நின்டெடானிப் வழக்கமாக 150 மி.கி., தினம் இரண்டு வேளை. இதன் முக்கியத் தொல்லை வயிற்றுப்போக்கு. ஆய்வுகளில் 100 பேரில் சுமார் 62 பேருக்கு வந்தது. பயமாக இருக்கிறதா? அடுத்த எண்ணையும் பாருங்கள். வயிற்றுப்போக்கு காரணமாக மருந்தையே விட்டவர்கள் 100-க்கு 5 பேருக்கும் குறைவு. மற்றவர்கள் சமாளித்தார்கள். ஆய்வில் இருந்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: வயிறு கெடும் என்று முன்கூட்டியே தெரியும், கெட்டால் யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியும். வீட்டில் அப்பாவுக்கு இல்லாமல் போனது அந்த இரண்டும்தான்.

செய்யக்கூடியவை எளியவை. வெறும் வயிற்றில் காபியோடு மாத்திரையைப் போடாமல், இட்லியோ சாதமோ வயிறு நிறையச் சாப்பிடும்போது போட வேண்டும். உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். வயிறு கெட்ட நாளில் எண்ணெய்ப் பலகாரம், காரம், பால் இவற்றைத் தள்ளிவைத்துவிட்டு கஞ்சி, ரசம் சாதம், வாழைப்பழம், ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று போகலாம். லோபரமைட் போன்ற வயிற்றுப்போக்கு மாத்திரையை எப்போது, எத்தனை எடுக்கலாம் என்று முதல் நாளே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைப்பது நல்லது. பசி குறைந்து உடம்பு இளைப்பது இந்த மருந்தில் நடக்கக்கூடியது.

பிர்ஃபெனிடோனின் குணம் வேறு. குமட்டல், பசியின்மை, சோர்வு, தோலில் தடிப்பு. அதனால்தான் எடுத்தவுடன் முழு அளவு தருவதில்லை. முதல் வாரம் குறைவாக, இரண்டாம் வாரம் கொஞ்சம் கூட்டி, மூன்றாம் வாரம் முழு அளவு என்று படிப்படியாக ஏற்றுகிறார்கள். தாங்க முடியாவிட்டால் இன்னும் நிதானமாக ஏற்றலாம். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மாத்திரை என்றால் எல்லாவற்றையும் ஒரே வாயில் போடாமல், சாப்பாட்டின் ஆரம்பம், நடு, முடிவு என்று பிரித்துப் போட்டால் குமட்டல் குறையும்.

இன்னொரு எதிரி வெயில். இந்த மருந்து சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலில் சுலபமாகக் கன்றிப்போகும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாக்கிங் விடியலில் முடிந்துவிட வேண்டும். பத்து மணி வெயிலில் ரேஷன் கடை க்யூ வேண்டாம். முழுக்கை சட்டை, குடை, எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் மூன்றும் தேவை. "இந்த வயசுல எனக்கு எதுக்குடா க்ரீமு?" என்று அப்பா சிரிப்பார். அது அழகுக்காக இல்லை, மாத்திரையின் ஒரு பகுதி என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியது பிள்ளைகள்.

இரண்டு மருந்துக்கும் பொதுவானது கல்லீரல் பரிசோதனை. தொடங்கும் முன் ஒருமுறை, ஆரம்ப மாதங்களில் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு, டெஸ்ட் எதுக்கு' என்று இதை விடக் கூடாது. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல்தான் கல்லீரல் என்சைம்கள் ஏறும்.

மெடிக்கல் ஷாப் வைத்தியம் வேண்டாம்

வயிறு கெட்டால் தெருமுனைக் கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்குவது நம் பழக்கம். அப்படிக் கைக்கு வருவதில் சிப்ரோஃப்ளாக்ஸசினும் ஒன்று. பிர்ஃபெனிடோன் சாப்பிடுகிறவர் அதைச் சேர்த்துச் சாப்பிட்டால், ரத்தத்தில் பிர்ஃபெனிடோன் அளவு கூடிவிடலாம். வயிற்றைச் சரிசெய்யப் போய் தொல்லையைப் பெருக்கிக்கொண்ட கதையாகும். சிகரெட் எதிர்த்திசையில் வேலை செய்யும். மருந்தின் அளவைக் குறைத்து, மாதச் செலவைப் புகையாக்கிவிடும்.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், நின்டெடானிப்பின் அளவை வெகுவாகக் குறைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நின்டெடானிப்பால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். நின்டெடானிப் கருவைப் பாதிக்கக்கூடியது. முடக்குவாதம், ஸ்கிளீரோடெர்மாவால் இளம் பெண்களுக்கும் ஃபைப்ரோசிஸ் வருவதால், அவர்கள் கருத்தடை பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். லேகியம், சூரணம், வாட்ஸ்அப்பில் வந்த கஷாயம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. திட்டுவார் என்று மறைத்தால், கல்லீரல் ரிப்போர்ட் கெடும்போது எது காரணம் என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, வலது விலாவுக்குக் கீழே வலி, எங்கிருந்தாவது ரத்தம் கசிவது, தண்ணீர்கூடத் தங்காத அளவு வாந்தி பேதி, நெஞ்சுவலி, முகமோ உதடோ வீங்குவது. ஓரிரு நாளில் மூச்சிரைப்பு திடீரென அதிகரித்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குறைத்தால் தோல்வி இல்லை

பலரும் நினைப்பது போல இது 'முழு டோஸ் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை' என்ற ஆட்டம் கிடையாது. நின்டெடானிப்பை 150-லிருந்து 100 மி.கி.-க்குக் குறைக்கலாம். சில நாள் நிறுத்தி, வயிறு தேறியதும் மறுபடி தொடங்கலாம். ஒன்று ஒத்துவரவில்லையென்றால் மற்றதுக்கு மாறலாம். 2025 அக்டோபரில் நெரான்டோமிலாஸ்ட் என்ற மூன்றாவது மருந்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. இத்தனை வழிகளையும் டாக்டரால் யோசிக்க முடியும், அப்பா நிறுத்திவிட்ட விஷயம் அவருக்குத் தெரிந்தால் மட்டும்.

தாங்களாக நிறுத்துவதில் இருக்கும் ஆபத்து, தாங்களாகத் தொடங்குவதிலும் இருக்கிறது. பிர்ஃபெனிடோனை இரண்டு வாரமோ அதற்கு மேலோ விட்டிருந்தால், மறுபடி முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும். மகள் திட்டினாள் என்று மறுநாளே முழு அளவைப் போட்டால் குமட்டல் இன்னும் மோசமாகும். அதோடு அந்த மருந்தின் மேலிருந்த கடைசி நம்பிக்கையும் போகும். ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடவும் கூடாது.

மறைப்பதால் யாருக்கு லாபம்?

நம் குடும்பங்களில் பெரிய நோய் என்றால் ரிப்போர்ட்டை நோயாளியிடமிருந்து ஒளித்துவைப்பது வழக்கம். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், உடைஞ்சிடுவார்." அன்பில் வரும் வார்த்தைதான். ஆனால் இந்த மருந்தைப் பொறுத்தவரை அந்த அன்பு எதிராகவே வேலை செய்கிறது. 'சாதாரண சளி மாத்திரை' என்று சொல்லிக் கொடுத்த ஒன்றுக்காக, ஒரு மனிதர் ஏன் தினமும் நாலு தடவை டாய்லெட்டுக்கு ஓட வேண்டும்? நிறுத்திவிடுவார். அவர் நிலையில் யாராக இருந்தாலும் நிறுத்துவார்கள்.

எல்லாப் புள்ளிவிவரத்தையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "நுரையீரல்ல தழும்பு விழுதுப்பா. விழுந்ததை எடுக்க முடியாது. மேல மேல விழாம இந்த மாத்திரை மெதுவாக்கும். முதல் மூணு மாசம் வயிறு படுத்தும். படுத்தினா சொல்லுங்க, டோஸைக் குறைக்க வழி இருக்கு." இவ்வளவு போதும். இதைக் கேட்டு உடைந்துபோகிறவர்களைவிட, விஷயம் தெரிந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்கிறவர்களே அதிகம் இருப்பார்கள் என்று நம்பலாம். பென்ஷன் வாங்கும் வரை குடும்பத்தைச் சுமந்தவர்களுக்கு அந்தத் தெம்பு இல்லையென்று பிள்ளைகள் முடிவுகட்டக் கூடாது.

பணத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் மருத்துவமனையில் படுத்தால்தான் கைகொடுக்கும். மாதாமாதம் வாங்கும் மாத்திரை கைக்காசுதான். பிள்ளைக்குப் பாரமாகிறோம் என்ற எண்ணத்தில் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கும் பெற்றோர் உண்டு. விலை குறைந்த ஜெனரிக் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. பாதி டோஸை ரகசியமாகச் சாப்பிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மருந்து ஒரு பகுதி மட்டுமே. ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சியும் நடைப்பயிற்சியும் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி, தேவைப்பட்டால் வீட்டில் ஆக்ஸிஜன் எல்லாம் கூடவே வர வேண்டும். வயதும் உடல்நிலையும் இடம்கொடுப்பவர்களுக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சையும் உண்டு. இந்தியாவில் அது அதிகம் நடக்கும் நகரங்களில் சென்னையும் ஒன்று. அதைப் பற்றி விசாரிப்பதைக் கடைசி நேரம் வரை தள்ளிப்போடக் கூடாது.

அந்தத் திருச்சி வீட்டுக்கு வருவோம். மகள் செய்ய வேண்டிய முதல் வேலை திட்டுவது இல்லை. பிரிக்காத அட்டைகளை எண்ணி, எந்தத் தேதியில் நின்றது என்று கண்டுபிடித்து, வயிறு எந்த நேரத்தில், எத்தனை தடவை கெட்டது என்று அப்பா வாயாலேயே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளோடு, அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் போக வேண்டும். டோஸைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, வேண்டாம் என்று விடுவதா என்பதை அந்த மேஜையில் மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். எந்த முடிவானாலும், அதை எடுத்தவர்களில் அப்பாவும் ஒருவராக இருப்பார்.